இன்னும் இருக்கா?

பண்டாரவளையில் பதினொரு மணிக்குமேல்
தகரக் கதவெல்லாம் இறங்கிய பிறகுதான்
என் கடை திறக்கும்.
போர்வைக்குள் படுத்துக்கொண்டு
காணி பார்க்கிறது நாடு.

வத்தளையிலிருந்து ஒரு கட்டைவிரல்,
தோஹாவிலிருந்து ஒன்று,
பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற இடைவெளியில்
மிலானிலிருந்து ஒன்று.
மூன்று செக்கன் நிற்கும். தள்ளிவிட்டுப் போகும்.
விடிந்தால் போன் கணக்குக் காட்டுகிறது:
ஆயிரத்து நானூறு பேர் வந்துபோன காணியில்
ஒரு புல்லும் சாயவில்லை.

விலை?
விலை?
லாஸ்ட் விலை?

"இன்பாக்ஸ் பாருங்க" என்று எழுதி எழுதி
இப்போது போனே எழுதிக்கொள்கிறது,
"இ" போட்டால் போதும்.
விலையைப் போட்டால் ஒருத்தரும் பேசமாட்டார்கள்.
போடாவிட்டால் கள்ளி என்பார்கள்,
அதற்கும் நாற்பது பேர் சிரிப்பார்கள்.

மூடுபனி விழுந்த படத்துக்கு எண்ணூறு இதயம்.
உறுதியின் முதல் பக்கத்துக்கு ஆறு,
அதில் ஒன்று என் மச்சான், ஒன்று நான்.
ஆகவே காலை ஆறரைக்கே போய்
வெயில் ஏறுமுன் பனியைப் பிடிக்கிறேன்.
பனி வராத நாளில்
பக்கத்துக் காணியில் சருகு எரிந்தால்
அதுவும் பனிதான்.

ஒரே ஒருமுறை எல்லாவற்றையும் எழுதினேன்.
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
மழைக்கு ஆட்டோ ஏறாது.
மேல் மூலையில் மண் இறங்கியிருக்கிறது,
சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.
அதன் கீழே இருபத்தேழு பேர் கேட்டார்கள்:
இன்னும் இருக்கா?

பங்குனியில் எமில் அருள்நாயகம் வந்து இறங்கினார்,
வராமலேயே எல்லாம் பார்த்து முடித்தவர்.
வானத்திலிருந்து அளந்திருந்தார், பதினெட்டரை பேர்ச்.
அயல்வீட்டு நீலத் தண்ணீர்த்தாங்கி தெரியும்.
எல்லைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்கவில்லை,
எல்ல பக்கம் எத்தனை வளைவு என்று அவரே சொன்னார்.
என்னைப் பார்த்து,
"தோடு மாத்திட்டீங்க" என்றார்.
எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
கேட்டைத் திறந்துவிட்டேன்,
தரகுக்காரி இல்லை, திறப்புக்காரி.

மேல் மூலைக்கு ஏறியவர்
போனை இப்படியும் அப்படியும் திருப்பினார்.
"இங்கே ஒரு பெரிய யூகலிப்டஸ் நிக்கணுமே?"

அது ஐப்பசிக்கு முந்திய படம், சேர்.

மரம் நின்ற இடத்தில் சிவப்பாய் ஒரு வாய்.
விளிம்பில் சப்பாத்தை வைத்தார்,
கைப்பிடி மண் உதிர்ந்து
வெகுநேரம் கழித்துக் கீழே சத்தம் போட்டது.
மூன்று செக்கன் இல்லை,
ரயில் ஒன்று தியத்தலாவைப் பக்கம் கூவி ஓயும்வரை நின்றார்.

"இதைப் போட்டிருந்தீங்களா?"
போட்டிருந்தேன்.
தேடினார்.
மூன்றாம் வரியின் முடிவில்
"மேலும் பார்க்க" என்ற சொல்லுக்கு அடியில்
என் உண்மை மடித்துக் கிடந்தது.
அவர் விரல் அதைத் தொட்டது அப்போதுதான்.

தேத்தண்ணி குடித்தார். கோபப்படவில்லை.
பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்ததும்
மறுபடி குனிந்து
வேறெங்கோ ஒரு காணியைத் தள்ளத் தொடங்கியதை
கண்ணாடி வழியே பார்த்தேன்.

அன்றிரவு மண் இறங்கிய வரியை
முதல் வரியாக்கினேன்.
கடை அமைதியாகிவிட்டது.

பதினொன்றே முக்கால்.
ஐயாயிரம் ரூபாய் வாடகை ஏறிய அறை,
என் பெயரில் இந்த மலையில்
ஒரு பேர்ச்சும் கிடையாது.
சும்மாதான் தள்ளிக்கொண்டிருந்தேன்.
அப்புத்தளைப் பக்கம் ஆறு பேர்ச்,
படம் முழுக்கப் பனி.
புகையோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன்.
மேலும் பார்க்கவில்லை.
விரல் தானாகவே எழுதியது:
விலை?

உடனே வந்தது பதில்.
இன்பாக்ஸ் பாருங்க.

அவளும் "இ" மட்டும்தான் போட்டிருப்பாள்.